டே-கேர் குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சலா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

காலை ஏழரை மணிக்குக் குழந்தையின் உடம்பு லேசாகச் சுடுகிறது. ஆபீசில் அன்றைக்கு லீவு கேட்க முடியாது. ஒரு மூடி பாராசிட்டமால் சிரப்பைக் கொடுத்துவிட்டு, சூடு தணிந்ததும் டே-கேரில் விட்டுவிட்டு ஓடுகிறோம். இதை ஒரு தடவையாவது செய்யாத பெற்றோர் குறைவுதான். ஆனால் டே-கேர் காய்ச்சலில் நடக்கும் பெரும்பாலான குளறுபடிகள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அந்த மருந்து நான்கு முதல் ஆறு மணி நேரம்தான் தாங்கும். மதியம் சாப்பிடவைத்துத் தூங்கப்போடும் நேரத்தில் காய்ச்சல் திரும்ப ஏறும். காலையில் மருந்து கொடுத்த விஷயம் டே-கேர் அக்காவுக்குத் தெரியாது. பையில் இருக்கும் பாட்டிலைப் பார்த்து அவர் ஒரு மூடி கொடுப்பார். சாயங்காலம் கூட்டிப்போக வரும் பாட்டி வீட்டில் தன் பங்குக்கு ஒரு மூடி. மூன்று பேரும் அக்கறையாகத்தான் கொடுக்கிறார்கள். ஆனால் குழந்தைக்கு மொத்தம் எவ்வளவு போனது என்று மூன்று பேருக்கும் தெரியாது. டாக்டர் கேட்டால் யாராலும் சொல்லவும் முடியாது.

அதனால் மருந்து கொடுத்திருந்தால் நேரத்தையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பையில் வையுங்கள். டே-கேர் கொடுத்தால் அதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்களுக்கு ஒரு போன் செய்யாமல் எந்த மருந்தும் கொடுக்க வேண்டாம் என்று சேர்க்கும்போதே பேசி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது. முக்கியமாக, காய்ச்சல் அடிக்கும் குழந்தையை மருந்தால் மறைத்து அனுப்பாதீர்கள்.

‘ஒரு மூடி’ என்பது ஓர் அளவே இல்லை. பாராசிட்டமாலை வயதைப் பார்த்துக் கொடுப்பதில்லை, எடையைப் பார்த்துத்தான்: வழக்கமாக ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம். 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். கடையில் கிடைக்கும் சிரப்புகளோ ஒரே மாதிரி இல்லை. 5 மி.லி.யில் 120 மி.கி. இருக்கும் பாட்டில் என்றால் சுமார் 6 மி.லி. வேண்டும். 250 மி.கி. பாட்டில் என்றால் 3 மி.லி. போதும். கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரே மி.லி.யில் 100 மி.கி. இருக்கும், அதில் ஒன்றரை மி.லி.தான். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 6 மி.லி. ஊற்றிவிட்டால், போக வேண்டியதைப் போல நான்கு மடங்கு போய்விடும். பாட்டிலோடு வரும் அளவுக்குழாயை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டு வேளைக்கு நடுவில் ஆறு மணி நேரம் விட்டால், ஒரு நாளைக்கு நான்கு வேளையைத் தாண்டாது.

இதில் இன்னொரு சிக்கல், சளிக்கு என்று வாங்கும் சிரப். பலவற்றில் பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். காய்ச்சல் மருந்தோடு அதையும் கொடுத்தால் இரட்டை அளவு. சிறு குழந்தைகளுக்குச் சளி, இருமல் சிரப்பே தேவையில்லை. இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு இருமல் சிரப்பில் டைஎதிலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது 2025 அக்டோபரில் தெரியவந்ததும், அதைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்ததும் மறக்கக்கூடிய செய்தியா? காய்ச்சலுக்கும் வலிக்கும் பெரியவர்கள் போடும் நிமிசுலைடும் குழந்தைகளுக்கு ஆகாது: 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு 2011-லேயே இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து. வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கியதை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

காரணத்தை நாமே சொல்லிவிடுவது

சளி இல்லை, இருமல் இல்லை, பேதி இல்லை, ஆனால் காய்ச்சல் அடிக்கிறது. உடனே ஆளுக்கொரு காரணம் வந்துவிடும். பல் முளைக்கிறது. டே-கேரில் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை. உரம் விழுந்திருக்கிறது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும். இதில் ஏதாவது ஒன்றை நம்பியதுமே வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆபத்து. பல் முளைக்கும்போது உடம்பு லேசாகச் சுடலாம். 102 டிகிரியெல்லாம் அதனால் வராது. தடுப்பூசிக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு நாளில் அடங்கிவிடும் (தட்டம்மை ஊசி மட்டும் விதிவிலக்கு, அதற்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்தும் வரலாம்).

எந்த அறிகுறியும் இல்லாத காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது, தானே போய்விடும். ஆனால் தவறவிடக் கூடாத ஒன்று உண்டு: சிறுநீர்த் தொற்று. டயப்பர் போடும் வயதில் குழந்தைக்கு ‘எரியுது’ என்று சொல்லத் தெரியாது. காய்ச்சல் மட்டும்தான் வெளியே தெரியும். போன தடவை மிச்சமான ஆன்டிபயாடிக்கை நாமே இரண்டு வேளை கொடுத்துவிட்டால், அப்புறம் சிறுநீரைக் கல்ச்சருக்கு (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்பினாலும் கிருமி சிக்காமல் போகலாம். ரத்தப் பரிசோதனையிலும் இதே அவசரம் வேண்டாம். இரண்டாம் நாளே லேபுக்குப் போய் ‘விடால்’ எடுத்து, டைபாய்டு என்று முடிவுகட்டுவது நம் ஊரில் சகஜம். முதல் வாரத்தில் அந்தப் பரிசோதனையை நம்ப முடியாது. எந்தச் சோதனை, என்றைக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. துணியைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் என்று பாருங்கள். சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு இருந்தால் ஸ்கரப் டைபஸ் என்ற, சிறு பூச்சி கடித்து வரும் காய்ச்சலாக இருக்கலாம். புதர்ப் பக்கம் விளையாடிய குழந்தைக்கு இது வரும். உள்ளங்கை, பாதம், வாயில் கொப்புளம் இருக்கிறதா என்றும் பாருங்கள், கை-கால்-வாய் நோயாக இருக்கலாம்.

தெர்மாமீட்டர் எண்ணை மட்டும் பார்த்துக் குழந்தையைக் கவனிக்காமல் விடுவது

100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் காய்ச்சல். தொட்டுப் பார்த்து ‘உள் காய்ச்சல்’ என்பதும், வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் துப்பாக்கியை நம்புவதும் சரிவராது. டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் வைத்துப் பாருங்கள். அதற்காகப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவையும் வேண்டாம். 103 டிகிரியிலும் மருந்துக்குப் பின் எழுந்து விளையாடும் குழந்தையைவிட, 101-லேயே துவண்டு, கண் திறக்காமல், ஆறேழு மணி நேரமாகச் சிறுநீர் போகாத குழந்தைதான் அவசரம். மூச்சு வாங்கினாலும், விடாமல் வாந்தி எடுத்தாலும் காத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு இந்தக் கணக்கே கிடையாது. 100.4 வந்தால் நேராக ஆஸ்பத்திரி. டே-கேர் போகும் பிள்ளையிடமிருந்து வீட்டிலிருக்கும் கைக்குழந்தைக்குத் தொற்றுவதும் உண்டே.

ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம், நடுக்கம்தான் வரும். கம்பளி போர்த்தி ஃபேனை நிறுத்தவும் வேண்டாம். கற்பூரம் கலந்த எண்ணெயையும் தேய்க்காதீர்கள், அது உள்ளே போனால் சிறு குழந்தைகளுக்கு வலிப்பு வரலாம்.

வலிப்பு என்றதும் நினைவுக்கு வருவது கையில் திணிக்கும் சாவிக்கொத்து. அதனால் எந்தப் பயனும் இல்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலில் வலிப்பு வரலாம். பெரும்பாலும் சில நிமிடத்தில் நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108. நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். டே-கேர் ஊழியர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.

காய்ச்சல் விட்டதும் அனுப்புவது

டெங்கு பரவும் மழைக்காலத்தில் இதுதான் பெரிய தவறு. டெங்குவில் காய்ச்சல் இறங்கிய அடுத்த ஒன்றிரண்டு நாள்தான் கண்டம். வயிற்றுவலி, வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுதல், காரணமில்லாத சோர்வு எதுவானாலும் உடனே ஓட வேண்டும். டெங்கு சந்தேகம் இருக்கும்போது இபுபுரூஃபன், மெஃபனாமிக் அமிலம் போன்ற காய்ச்சல் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டிவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பகலில், அதாவது குழந்தை டே-கேரில் இருக்கும் நேரத்தில். அங்கே மணி பிளான்ட் பாட்டிலும் ஃபிரிட்ஜின் பின் தட்டும் எப்படி இருக்கின்றன என்று ஒரு நாள் எட்டிப் பாருங்கள்.

ஐந்து நாளாகியும் காய்ச்சல் போகவில்லை, கண்ணும் உதடும் சிவந்திருக்கின்றன, உடம்பில் தடிப்பு என்றால் கவாசாகி நோயா என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள். இதயத்தின் ரத்தக்குழாயைப் பாதிக்கும் நோய் அது. பத்து நாளுக்குள் சிகிச்சை ஆரம்பித்தால் பலன் அதிகம்.

மருந்து இல்லாமல் முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்து, குழந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் அனுப்பலாம். டாக்டர் என்ன சொன்னார் என்பதை டே-கேரிடம் மறைக்காதீர்கள். 2022-ல் கேரளத்தில் ‘தக்காளிக் காய்ச்சல்’ என்று பீதி கிளம்பியதே, அது டே-கேர்களில் சாதாரணமாகப் பரவும் கை-கால்-வாய் நோய்தான். பெயர் போடாமல் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி எழுதச் சொன்னால், மற்ற வீடுகளிலும் குழந்தையின் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள்.