ஏதென்ஸ்காரர் எந்த ட்ரைப்னு கண்டுபிடிக்கிறது எப்படி

பழைய ஏதென்ஸ்ல குடிமக்களைப் பிரிச்சு வச்சிருந்த பிரிவுதான் ட்ரைப். அந்தக் கால ஆளோட முழுப்பேரு கிடைச்சா அப்பா பேருக்கு அடுத்து வர்ற ஊர்ப்பேரைத்தான் முதல்ல பாக்கணும். சாக்ரடீஸ், அப்பா சோஃப்ரோனிஸ்கஸ், ஊரு அலோபெக்கே, அந்த ஊரு எந்த ட்ரைப்னு லிஸ்ட்ல பாத்தா அந்தியோக்கிஸ், முடிஞ்சுது.

ஆனா ஆளு எங்க குடியிருக்காருன்னு வச்சு முடிவு பண்ணிடாதீங்க, கி.மு. 508 வாக்குல கிளெய்ஸ்தனீஸ்ங்கிற ஏதென்ஸ் தலைவர் ஊர் ஊரா பிரிச்சப்போ முன்னோர் எங்க பதிஞ்சாரோ அதேதான் பரம்பரையா வரும், வீடு மாறுனாலும் மாறாது. மேப்ல ஒரே இடத்துலயும் தேடாதீங்க, ஒவ்வொரு ட்ரைப்பும் நகரம், கடலோரம், உள்நாடுன்னு மூணு துண்டு, பழைய பெரிய குடும்பங்களோட பிடி தளரட்டும்னுதான் இப்படி கலந்து விட்டாருன்னு தோணுது, செம மூளை!

10 ட்ரைப், ட்ரைப்புக்கு 50 பேர், அதான் ஏதென்ஸோட 500 பேர் கவுன்சில். பொண்ணுங்க, அடிமைங்க, ஏதென்ஸுக்கு வெளியில இருந்து வந்து தங்குனவங்க கவுன்சில்ல இருக்க மாட்டாங்க.