ஆரஞ்சு ஒளி யாருடையது? மாசூட்டிய குவாண்டம் புள்ளிகளை அளப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துத்தநாக சல்பைடு குவாண்டம் புள்ளிகளில் (சில நானோமீட்டர் அளவேயுள்ள படிகத் துகள்களில்) சிறிதளவு மாங்கனீசை மாசாக, அதாவது வேண்டுமென்றே ஊட்டும் அயல் அணுவாகச் சேர்த்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால், அதுவரை மங்கலான நீலமாகத் தெரிந்த கரைசல் ஆரஞ்சாக ஒளிரும். அதைக் கண்ட மாத்திரத்தில் எல்லா மாற்றத்தையும் மாசின் கணக்கில் எழுதிவிடுவதுதான் இத்துறையில் மிகப் பழைய தவறு.

தேர்ந்தவர்களும் இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1994-இல் பார்கவாவும் அவருடன் பணியாற்றியோரும், நானோ துகளுக்குள் மாங்கனீசின் ஒளிர்வு சில நானோ நொடிகளிலேயே அடங்கிவிடுகிறது என்று அறிவித்தனர். பெரும் படிகத்தில் மில்லி நொடி அளவில் நீடிக்கும் ஒளிர்வு அது. ஆகவே செய்தி பரபரப்பானது. 1998-இல் போல், மெய்யரிங்க் என்ற ஆய்வாளர்கள் இருவரும் மீண்டும் அளந்தபோது, மாங்கனீசின் ஒளிர்வு நானோ துகளிலும் ஏறத்தாழ 1.9 மில்லி நொடி நீடிப்பதையும், விரைந்து மறைந்தது துத்தநாக சல்பைடின் சொந்தப் படிகக் குறைபாடுகளிலிருந்து வரும் நீல ஒளியே என்பதையும் காட்டினர். அந்த நீல ஒளியின் வால் ஆரஞ்சுப் பகுதிவரை நீள்வதால், 590 நானோமீட்டரில் அளந்தாலும் இரண்டும் கலந்தே பதிவாகும்.

இந்தத் தவறு இன்றும் எளிதில் நேரக்கூடியது. நொடிக்கு 10 லட்சம் துடிப்புகள் தரும் லேசரைப் பயன்படுத்தினால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மைக்ரோ நொடிதான் இருக்கும். மாங்கனீசின் ஒளியோ அதன்பின் வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளைத் தாண்டி நீடிக்கும். எனவே அது வரைபடத்தில் தட்டையான பின்னணியாகப் படிந்துவிடும். பின்னணியைக் கழிக்கும்போது நாம் தேடி வந்ததையே கழித்துவிட்டு, எஞ்சிய குறைபாட்டு ஒளியை மாங்கனீசு என்று எழுதிவிடுவோம். மில்லி நொடி ஒளிர்வுக்கு, நொடிக்குச் சில பத்துத் துடிப்புகள் மட்டுமே தரும் விளக்கே பொருந்தும்.

நிறமாலைமானியும் ஏமாற்றும். 295 நானோமீட்டர் ஒளியால் தூண்டினால், சிதறிய அவ்வொளியின் இரண்டாம் வரிசை விளிம்பு விளைவு (கருவியில் இருமடங்கு அலைநீளத்தில் தோன்றும் அதன் போலி) சரியாக 590-இல் முகடாக நிற்கும். மாங்கனீசு இருக்கவேண்டிய இடமும் அதுவே. தூண்டும் அலைநீளத்தை 300-க்கு மாற்றிப் பாருங்கள்: போலி முகடு 600-க்கு நகரும், உண்மையானது நகராது. குறுகிய அலைநீளங்களைத் தடுக்கும் வடிகட்டியை உணரிக்கு முன்னே வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே எழாது.

புள்ளி சிறுத்தால் நிறம் நீலத்தை நோக்கி நகரும் என்ற விதியை எல்லா மாசுக்கும் நீட்டுவதும் பிழையே. மாங்கனீசின் ஒளி அதன் சொந்த d எலக்ட்ரான்களுக்குள்ளேயே (அயனியின் d கூட்டிலிருக்கும் எலக்ட்ரான்களுக்குள்ளேயே) நிகழும் தாவலால் பிறப்பதால், புள்ளியின் அளவு அதை அதிகம் தொடுவதில்லை. மாசாகச் சேர்க்கப்படும் செம்பு அப்படியல்ல, கடத்துப் பட்டையிலிருக்கும் (புள்ளி முழுவதும் உலவும் உயர் ஆற்றல் மட்டத்திலுள்ள) எலக்ட்ரான் செம்பின் மட்டத்துக்கு இறங்குவதால், அதன் நிறம் அளவோடு சேர்ந்தே மாறும்.

இவை எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது எண்ணிக்கையைப் பற்றி. குடுவையில் இட்ட மாங்கனீசின் விழுக்காட்டையே புள்ளிக்குள் இருக்கும் விழுக்காடாகக் குறிப்பிடக் கூடாது. அதில் பெரும்பகுதி கரைசலிலேயே தங்கியிருக்கலாம், அல்லது மேற்பரப்பில் வெறுமனே ஒட்டியிருக்கலாம். நன்கு கழுவி, மேற்பரப்பு மூலக்கூறுகளை மாற்றி, அதன்பின் தனிமப் பகுப்பாய்வு செய்ய வேண்டும். எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வில் (காந்தப் புலத்தில் இணையற்ற எலக்ட்ரான்களை ஆராயும் முறையில்) மாங்கனீசு தரும் ஆறு கோடுகளின் இடைவெளி, உட்புற அயனிக்குக் குறுகியும் மேற்பரப்பு அயனிக்கு அகன்றும் இருப்பதால், அயனி எங்கே அமர்ந்திருக்கிறது என்பதையும் அறியலாம். கிடைத்த எண்ணும் சராசரிதான்: புள்ளிக்கு ஓர் அயனி என்று கணக்கு வந்தாலும், அவை தற்செயலாகப் பரவியிருந்தால், 100 புள்ளிகளில் சுமார் 37 புள்ளிகளில் ஓர் அயனிகூட இராது. மாசூட்டிய மாதிரியிலும் எஞ்சித் தெரியும் நீல ஒளியில் ஒரு பங்கு அந்த வெறும் புள்ளிகளுடையது.