ஆர்சி ஜெட்டில் எதை மாற்றலாம், எதைத் தொடவே வேண்டாம்: வாங்கும் முன் அளந்து பார்க்கும் முறை

ரிமோட்டில் பறக்கும் (ஆர்சி) ஜெட் ஓடுபாதை முழுக்க ஓடுகிறது, ஆனால் எழும்ப மறுக்கிறது. பக்கத்தில் நிற்பவர் உடனே "ஃபேனை மாத்துங்க, பெரிய மோட்டார் போடுங்க" என்பார். அப்படி மாற்றியும் எழும்பாத ஜெட்டுகள் நிறைய உண்டு, ஏனென்றால் பல நேரம் குறை ஃபேனில் இருப்பதில்லை. மூக்குச் சக்கரத்தின் கால் நான்கு மில்லிமீட்டர் குட்டையாக இருந்தாலும் இதே கதைதான்.

இங்கே எடுத்துக்கொள்வது மின்சார ஃபேனில் பறக்கும் ஃபோம் ஜெட்: 70 மிமீ ஃபேன், 6எஸ் லிப்போ (ஆறு செல்களைத் தொடராக இணைத்த லித்தியம் பாலிமர் பேட்டரி), பேட்டரியோடு சுமார் 1,900 கிராம். கணக்கு முறை 64, 80, 90 மிமீக்கும் பொருந்தும், எண்கள்தான் மாறும். லிப்போ சார்ஜ் செய்யவும், கனெக்டரைச் சாலிடர் செய்யவும், ரிசீவரை பைண்ட் செய்யவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: குறையை ஒரே வரியில் எழுதுங்கள்

"பவர் பத்தல" என்பது குறையல்ல, புலம்பல். "புல்தரையில் 60 மீட்டர் ஓடியும் மூக்கு தூக்கவில்லை", "முதல் நிமிடம் நன்றாக இருக்கிறது, பிறகு சோர்ந்துவிடுகிறது", "திரும்பும்போது உயரம் குறைகிறது", "சக்கரம் மடங்கும்போது சர்வோக்கள் துடிக்கின்றன" என்று எழுதினால் மட்டுமே எந்தப் பாகத்தைச் சந்தேகிப்பது என்று தெரியும். முதலாவது சக்கரமும் கோணமும். இரண்டாவது பேட்டரி. மூன்றாவது பெரும்பாலும் எடை அல்லது ஓட்டும் விதம். நான்காவது பிஇசி, அதாவது ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் (கட்டுப்பாட்டுத் தட்டுகளை அசைக்கும் சிறு மோட்டார்கள்) மின்சாரம் தரும் சுற்று. இந்த நான்கில் ஒன்றுகூட ஃபேனை நேரடியாகக் காட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

படி 2: மூன்று எண்கள்

எடை, மின்சாரம், உந்துவிசை. இவை இல்லாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள்.

எடைக்குச் சமையலறைத் தராசு போதும், ஆனால் பேட்டரி உள்ளே இருக்க வேண்டும். பெட்டியில் அச்சிட்ட எடையை நம்பாதீர்கள். பெயின்ட், கூடுதல் பசை, அலங்கார ஏவுகணைகள் எல்லாம் சேர்ந்து 100 கிராமைச் சத்தமில்லாமல் கூட்டிவிடும்.

மின்சாரத்துக்கு வாட்மீட்டர். ஈஎஸ்சியில் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சுற்று) டெலிமெட்ரி இருந்தாலும் தனி மீட்டரையே பரிந்துரைப்பேன். பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவே அதைச் செருகி, முழு சார்ஜில் த்ராட்டிலை முழுதாகத் தள்ளி, ஐந்தாவது வினாடியில் தெரியும் எண்ணை எழுதுங்கள். மீட்டர் நினைவில் வைக்கும் உச்ச எண் வேண்டாம். புதிதாக சார்ஜ் ஆன பேட்டரி முதல் வினாடியில் காட்டும் வீரியம் வானத்தில் நிலைக்காது. எட்டு வினாடிக்கு மேல் ஓட்டாதீர்கள், மீட்டரின் மெல்லிய வயர்களே சூடாகிவிடும்.

உந்துவிசைக்குப் பயணப்பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்று வாங்குங்கள். வழவழப்பான தரையில் ஜெட்டைச் சக்கரத்தில் நிறுத்தி, இரண்டு பின்சக்கரக் கால்களிலும் கயிற்றைக் கட்டிப் பின்னால் கொண்டுபோய்த் தராசில் மாட்டி, தராசை அசையாத ஒன்றில் கட்டுங்கள். கயிறு ஃபேன் வெளியேற்றும் காற்றின் பாதையில் வரக்கூடாது. முன்னால் காற்று நுழையும் வாய்க்குப் பக்கத்தில் துண்டு, காகிதம், தளர்ந்த சட்டைக் கை எதுவும் இருக்கக் கூடாது. ஃபேன் சுழலும் தளத்துக்கு நேராக நிற்காதீர்கள். பிளேடு உடைந்தால் பக்கவாட்டில்தான் தெறிக்கும்.

உந்துவிசையை எடையால் வகுங்கள். தார்ச்சாலை ஓடுபாதைக்கு 0.8 இருந்தால் நிம்மதியாகப் பறக்கலாம். புல்தரைக்கு 1.0 பக்கம் வேண்டும். 1,900 கிராம் ஜெட் 2,000 கிராம் தள்ளினால் 1.05. அந்த ஜெட் எழும்பவில்லை என்றால் ஃபேனைக் குற்றம் சொல்ல முடியாது.

படி 3: காசில்லாமல் கிடைப்பது

ஈஎஸ்சிக்கு த்ராட்டில் கேலிபரேஷன் செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டரின் மேல் எல்லையை ஈஎஸ்சி அறியாவிட்டால் முழு த்ராட்டில் என்று நீங்கள் நினைப்பது முழு த்ராட்டில் இல்லை. பிறகு ஃபேன் கூட்டுக்கும் பின்குழாய்க்கும் இடையிலான இணைப்பைப் பாருங்கள். அங்கே இடைவெளி இருந்தால் அழுத்தக் காற்று ஜெட்டின் வயிற்றுக்குள்ளேயே கசியும். அலுமினிய டேப் சுற்றினால் போதும்.

கடைசியாக ரோட்டர் (ஃபேனில் சுழலும் பிளேடுப் பகுதி) சமநிலை. இதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, ஆனால் செய்தபின் சத்தம் மாறுவது காதுக்கே தெரியும். ரோட்டரும் மோட்டாரும் தனித்தனியே சரியாக இருந்தாலும், இரண்டின் சிறு பிழைகளும் ஒரே பக்கம் சேர்ந்தால் அதிரும். ரோட்டரிலும் தண்டிலும் மார்க்கரால் கோடு போட்டு, குறைந்த த்ராட்டிலில் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி, ரோட்டரை மட்டும் கால் சுற்று திருப்பி இறுக்கி மறுபடி ஓட்டுங்கள். நான்கு நிலையில் ஒன்று மற்றவற்றைவிடத் தெளிவாக அமைதியாக இருக்கும், அங்கே நிறுத்துங்கள். இன்னும் அதிர்ந்தால் ரோட்டரின் மையக் குடத்தின் உட்புறத்தில் சிறு துண்டு டேப்பை ஒட்டி, இடம் மாற்றி மாற்றிச் சோதியுங்கள். அமைதியான இடம் கிடைத்ததும் டேப்பை எடுத்துவிட்டு அதே அளவு எபாக்ஸி வையுங்கள், டேப் பறந்துவிடும். அதிர்வு பேரிங்கைத் தின்னும், ஸ்க்ரூக்களைத் தளர்த்தும்.

படி 4: எழும்பாத ஜெட்டுக்கு முதல் மருந்து

எல்லோரும் வழுக்கும் இடம் இது. ஜெட்டைத் தட்டையான தரையில் நிறுத்தி, இறக்கையின் அடிப்பாகத்துக்கு இணையாக ஒரு ஸ்கேலை வைத்து, அதன்மேல் போனின் கோணமானியை வையுங்கள். 1 முதல் 2 டிகிரி மூக்கு தூக்கி இருந்தால் நல்லது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஜெட் தன்னைத்தானே தரையில் அழுத்திக்கொண்டு ஓடுகிறது என்று பொருள். வேகம் கூடக்கூட அழுத்தமும் கூடும். அதிக உந்துவிசை கொடுத்தால் இன்னும் வேகமாக ஓடிவிட்டு, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால்தட்டு) ஒருவழியாக வென்றதும் திடீரென்று துள்ளி எழும்பும், அடுத்த நொடி ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் விசையை இழக்கும்.

மருந்து: மூக்குக் காலை 3 முதல் 5 மிமீ உயர்த்துங்கள், அல்லது முன்சக்கரத்தை ஓரளவு பெரிதாக்குங்கள். மடங்கும் கால் என்றால் கதவு மூடுகிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.

கூடவே ஈர்ப்பு மையத்தையும் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். கனமான பேட்டரி போட்டவர்கள் அதை முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். மையம் 10 மிமீ முன்னே போனாலே பின்சக்கரத்தை அச்சாகக் கொண்டு மூக்கைத் தூக்க எலிவேட்டர் திணறும்.

புல்தரைக்கு இன்னொன்று. சக்கர விட்டம் சிறிதாக இருந்தால் உந்துவிசையில் பெரும்பகுதி புல்லோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். சக்கரம் மாற்றுவது மோட்டார் மாற்றுவதைவிட எவ்வளவோ மலிவு.

படி 5: பேட்டரி

காசு போட்டு மாற்றுவது என்றால் முதல் இடம் இதற்குத்தான். லேபிளில் 4,000 எம்ஏஎச், 35சி (கொள்ளளவைப் போல் 35 மடங்கு மின்சாரம்) என்றால் 140 ஆம்பியர் கொடுக்கும் என்று கணக்கு வரும். நான் அதில் பாதியைத்தான் எண்ணுவேன்.

சார்ஜரில் ஒவ்வொரு செல்லின் உள்மின்தடையையும் பாருங்கள். செல்லுக்கு 5 மில்லிஓம் என்றால் ஆறுக்கும் 30. 70 ஆம்பியர் ஓடும்போது 2.1 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே தொலைகிறது. அதாவது 147 வாட் சூடாகப் போகிறது. 2.5 மில்லிஓம் பேட்டரியில் இழப்பு அதில் பாதி. ஒரே ஒரு செல் மற்றவற்றைவிட இரு மடங்கு காட்டினால் அந்தப் பேட்டரியை ஜெட்டிலிருந்து ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

இனி முக்கியமான பொறி. படி 2-இல் உங்கள் மீட்டர் 20.6 வோல்ட், 68 ஆம்பியர் காட்டியது என்று வைப்போம். செல்லுக்கு 3.43 வோல்ட், பேட்டரி சோர்கிறது. நல்ல பேட்டரி போட்டதும் அதே இடத்தில் 22 வோல்ட் நிற்கிறது, சுமார் 7 சதவீதம் கூடுதல். ஃபேனின் சுழற்சி ஏறத்தாழ வோல்ட்டேஜோடு கூடும். உந்துவிசை சுழற்சியின் வர்க்கத்தோடு கூடுவதால் சுமார் 14 சதவீதம் ஏறும். எதையும் திருகாமல் கிடைத்த லாபம். ஆனால் மின்சாரமும் அதே வர்க்கக் கணக்கில் கூடி 77 ஆம்பியரைத் தொடும். உங்கள் ஈஎஸ்சி 80 ஆம்பியர் என்றால் இடைவெளி காணாமல் போய்விட்டது! "பேட்டரி மாத்தினேன், ஈஎஸ்சி எரிஞ்சுபோச்சு" என்பதன் பின்னணி இதுதான். புதுப் பேட்டரி போட்டதும் வாட்மீட்டரை மறுபடி செருகுங்கள். ஈஎஸ்சி அளவில் 80 சதவீதத்தைத் தாண்டினால் டிரான்ஸ்மிட்டரில் த்ராட்டிலின் மேல் எல்லையைக் குறையுங்கள், அல்லது 100 ஆம்பியர் ஈஎஸ்சிக்குப் போங்கள். எல்லையைக் குறைத்தால் மறுபடி கேலிபரேஷன் செய்துவிடாதீர்கள், செய்தால் அந்தக் குறைந்த எல்லையையே முழு த்ராட்டிலாக எடுத்துக்கொள்ளும்.

கனெக்டர் எக்ஸ்டி60 என்றால் இதே கையோடு எக்ஸ்டி90 அல்லது ஈசி5 ஆக்குங்கள். 12 கேஜ் சிலிகான் வயரைச் சாலிடர் செய்ய 60 வாட்டுக்குக் குறைந்த அயர்ன் வேலைக்காகாது. கூர்முனை டிப் வேண்டாம், உளி போன்ற தட்டை முனை வேண்டும்.

4,000-க்குப் பதில் 5,000 எம்ஏஎச் போடலாமா? 120 முதல் 150 கிராம் கூடும். 1,900 கிராம் ஜெட்டில் அது 7 சதவீதம். ஸ்டால் வேகம் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடும், பெரிதாகத் தெரியாது. ஆனால் தரையிறங்கும்போது சக்கரக் கால்கள் தாங்க வேண்டிய ஆற்றல் 14 சதவீதம் கூடும். கால் பொருத்திய இடத்தில் ஃபோம் பிய்வது அதனால்தான். பறக்கும் நேரம்தான் குறை என்றால் முதலில் த்ராட்டில் பழக்கத்தைப் பாருங்கள். 4,000-இல் 80 சதவீதம் எடுத்தால் 3,200. சராசரி 45 ஆம்பியரில் 4 நிமிடம் 15 வினாடி வரும். 75 ஆம்பியரிலேயே பிடித்துக்கொண்டு பறந்தால் இரண்டரை நிமிடம்.

படி 6: ஃபேனும் மோட்டாரும்

இவ்வளவும் பார்த்தபிறகும் உந்துவிசை விகிதம் 0.8-க்குக் கீழே என்றால் மட்டும் இங்கே வாருங்கள்.

அதே விட்டமுள்ள ஃபேனில் 20 சதவீத உந்துவிசை கூடுதலாக வேண்டுமானால் 31 சதவீத மின்திறன் கூடுதலாக வேண்டும். உந்துவிசை, திறனின் மூன்றில் இரண்டு அடுக்கில்தான் வளரும், நம் ஆசைக்கு வளராது. அந்த 31 சதவீதத்தைப் பேட்டரி, கனெக்டர், ஈஎஸ்சி, அதைக் குளிர்விக்கும் காற்று எல்லாம் தாங்க வேண்டும்.

4எஸ் ஜெட்டை அதே மோட்டாரோடு 6எஸ்-க்கு மாற்ற நினைக்காதீர்கள். வோல்ட்டேஜ் ஒன்றரை மடங்கு. மின்சாரம் கணக்குப்படி 2.25 மடங்கு, திறன் மூன்று மடங்குக்கு மேல். மோட்டார் எரியும், அல்லது பிளாஸ்டிக் ரோட்டர் வெடிக்கும். 6எஸ் வேண்டுமென்றால் குறைந்த கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்) மோட்டார், அந்தச் சுழற்சிக்கென்றே செய்த ரோட்டர், புது ஈஎஸ்சி மூன்றும் சேர்ந்துதான் வர வேண்டும்.

மோட்டார், ஃபேன், ஈஎஸ்சி, பேட்டரி நான்கின் விலையையும் கூட்டுங்கள். அது புது ஜெட்டின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்ற வேண்டாம் என்பதே என் கட்சி. அந்தக் காசைச் சேர்த்துவைத்து 80 மிமீ ஜெட்டுக்குப் போவது மேல். ஃப்ரீவிங், எஃப்எம்எஸ் போன்ற தயாரிப்பாளர்களின் ஜெட்டுகளில் ஃபேனும் மோட்டாரும் ஏற்கெனவே பொருத்தம் பார்த்து வருகின்றன. தனித்தனியாக வாங்கிப் பொருத்துபவர் அந்தப் பொருத்தத்தை முதலிலிருந்து தேட வேண்டும்.

ஈஎஸ்சியை இடம் மாற்றினால் பேட்டரி பக்க வயரை நீட்டாதீர்கள், மோட்டார் பக்க வயரை நீட்டுங்கள். பேட்டரி பக்கம் நீட்டியே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு 10 செமீக்கும் சுமார் 220 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ஈஎஸ்சிக்கு அருகில் சேருங்கள். 6எஸ்-க்கு 50 வோல்ட் தாங்குவது நல்லது.

படி 7: சர்வோ, பிஇசி

எலிவேட்டரில் மட்டும் உலோகப் பல் சர்வோ போடுங்கள். மற்ற இடங்களில் இருப்பதே போதும். கதவு சர்வோவுக்கு டிஜிட்டல் வாங்குவது வீண்.

சக்கரம் மடங்கும்போது சர்வோ துடித்தால் சர்வோவை மாற்றாதீர்கள். ஈஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி தள்ளாடுகிறது. 8 ஆம்பியர் தனி பிஇசி போட்டு, ஈஎஸ்சியிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயரில் நடுவில் உள்ள சிவப்பை மட்டும் பிளக்கிலிருந்து கழற்றி டேப் சுற்றுங்கள். வெட்ட வேண்டாம், நாளை தேவைப்படலாம்.

பின்னர் சேர்த்தது

"இதே ஜெட் டிசம்பரில் நன்றாகப் பறந்தது, மே மாதம் சோம்புகிறது" என்பது அடிக்கடி வரும் கேள்வி. 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி, 15 டிகிரியில் இருப்பதைவிட 8 சதவீதம் குறைவு. சென்னையிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுபோனால் 900 மீட்டர் உயரம் அதோடு இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்ளும். இறக்கைக்கும் அதே குறைவு, எனவே ஓடுபாதை நீளமாக வேண்டும். பாகம் எதுவும் கெடவில்லை. காலை ஏழு மணிக்குப் பறக்கவிட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

இன்னொன்று: புது ரோட்டர் போட்டபின் "ஜெட் முன்னே நகரவே மாட்டேன் என்கிறது" என்றால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். அப்போதும் சத்தம் பலமாகவே வரும், அதனால்தான் ஏமாறுகிறோம். மூன்று மோட்டார் வயரில் ஏதாவது இரண்டை மாற்றிச் செருகினால் திசை திரும்பிவிடும்.