டொபாகோ கேஸில் ஒரு நாள்: நங்கூரம் போடும்போதும் போட்ட பிறகும் தவிர்க்க வேண்டியவை

கரீபியன் கடலில், செயின்ட் வின்சென்ட் அண்ட் தி கிரெனடின்ஸ் நாட்டுக்குச் சொந்தமான டொபாகோ கேஸ், ஆள் குடியில்லாத ஐந்து குட்டித் தீவுகள். அவற்றில் நான்கைக் கிழக்கே அணைத்தபடி குதிரைலாட வடிவில் ஒரு பவளத்திட்டு. நேர் கிழக்கே ஆப்பிரிக்கா வரை வெறும் கடல்தான். அங்கே பாய்மரப் படகை நிறுத்தி, நீந்தியும் படித்தும் தூங்கியும் ஒரு பகலைக் கழிப்பது பெரும் பாக்கியம். அதைக் கெடுப்பது பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்து அவசரம்தான்.

முதலில் வந்து சேரும் நேரம். தீவுகளுக்கு நடுவே கிழக்கு நோக்கித்தான் நுழைகிறோம். காலையில் சூரியன் கண்ணில் அடிக்கும். தண்ணீர் முழுக்கப் பளபளப்பு, அடியில் இருப்பது எதுவும் தெரியாது. வெயில் உச்சிக்கு வந்து சற்றே முதுகுப்பக்கம் சாய்ந்த பிறகு பாருங்கள்: மணல் இளம்பச்சை, கடற்புல் கரும்பச்சை, பவளம் பழுப்பு என்று கடலே வரைபடமாகிவிடும். மணலில் மட்டும் நங்கூரம் போடுங்கள். புல்லில் அது சரியாகப் பிடிக்காது. பிடுங்கி வருவதோ ஆமைகளின் தீனி. பவளத்தில் போட்டால் பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் நொறுங்கும்.

அலை இல்லை என்பதால் காற்றும் இல்லை என்று நம்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. திட்டு அலையை உடைக்கிறது, காற்றைத் தடுப்பதில்லை. கிழக்குக் காற்று 15, 20 நாட் (மணிக்குச் சுமார் 28 முதல் 37 கி.மீ.) வேகத்தில் இரவும் பகலும் வீசும்; கிறிஸ்துமஸை ஒட்டிய வாரங்களில் இன்னும் கூடும். குளம் மாதிரி இருக்கிறதே என்று நங்கூரச் சங்கிலியைக் குறைத்து விடுகிறார்கள். ஆழத்தோடு படகின் முன்முனை உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஆழம் 4 மீட்டர், முனை உயரம் 1.5 மீட்டர் என்றால் மொத்தம் 5.5. அதற்கு ஐந்து மடங்கு, அதாவது 27 அல்லது 28 மீட்டர் சங்கிலி குறைந்தபட்சம். காற்று ஏறினால் ஏழு மடங்கு. அப்புறம் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி நங்கூரத்தைப் புதைக்க வேண்டும்.

அதோடு விடாமல், நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். நங்கூரத்தின் நுனி மணலுக்குள் மறைந்திருக்க வேண்டும். காற்று ஓங்கும்போது சங்கிலி மெல்லத் தரையைவிட்டு எழும், தணிந்ததும் பழைய தடத்திலேயே படியும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு வரும் தூக்கமே தனி.

பாரடல் தீவை ஒட்டி மிதவை கட்டிப் பிரித்திருக்கும் இடம் ஆமைகளுக்கானது. அங்கே நங்கூரம் போடக் கூடாது. ஆமையைத் துரத்தவோ தொடவோ வேண்டாம். மூச்சுவிட மேலே வந்துதான் ஆக வேண்டும், அந்த வழியை மறிக்காதீர்கள்.

கரையில் நிழல் தேடும்போதும் கவனம். இந்தப் பகுதித் தீவுகளில் மான்சினீல் என்ற மரம் உண்டு. சின்னப் பச்சை ஆப்பிள் போன்ற பழம், கடுமையான நஞ்சு. பால் பட்டால் தோல் கொப்பளிக்கும். மழைக்குக்கூட அதன் அடியில் ஒதுங்கக் கூடாது.

சாப்பாடு முழுவதையும் கட்டிக்கொண்டு வருவதும் ஒரு தவறு என்றே சொல்வேன். பக்கத்துத் தீவுகளிலிருந்து சிறு படகில் ரொட்டியும் மீனும் கொண்டுவருவார்கள். கரையில் சிங்கி இறால் சுட்டுத் தருவார்கள். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி பக்கத்திலுள்ள யூனியன் தீவைச் சிதைத்துப் போட்டது. நீங்கள் வாங்கும் ஒரு வேளைச் சாப்பாடு அந்த மக்களுக்கு நேராகப் போய்ச் சேரும்.

சின்ன ரப்பர் படகின் கயிற்றை இரண்டு முறை சோதியுங்கள். அவிழ்ந்தால் காற்று மேற்கே தள்ளும். மேரோ தீவைத் தாண்டிவிட்டால் அடுத்த கரை வெகுதூரம். ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கும், இருட்டு சட்டென்று கவியும். அதற்கு முன்பே படகுக்குத் திரும்பி, படகு நகர்கிறதா என்று தெரிய கரையில் இரண்டு அடையாளங்களைக் குறித்துக்கொண்டு, பாய்மர உச்சியில் வெள்ளை விளக்கைப் போட்டுவிடுங்கள்.