குழந்தைகளோடு கப்கேக்: ஒரு நாள் சுடுவோம், மறுநாள் அலங்கரிப்போம்

விடுமுறை நாளில் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு கப்கேக் செய்ய முனைபவர்கள், சுடுவது, க்ரீம் பூசுவது, அலங்கரிப்பது ஆகிய மூன்றையும் ஒரே மதியத்தில் முடித்துவிட எண்ணுகிறார்கள். வேலையைக் கெடுப்பது அந்த அவசரம்தான். க்ரீமில் உள்ள வெண்ணெய் ஏறக்குறைய 32 முதல் 35 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். ஓவனிலிருந்து எடுத்த கேக் மேலே தொட்டுப் பார்க்க ஆறிவிட்டதாகத் தோன்றினாலும், அதன் நடுப்பகுதி அந்த வெப்பத்துக்கு மேலேயே நெடுநேரம் இருக்கும். அதன் மேல் குழந்தை ஆசையாக வைத்த பூவும் நட்சத்திரமும் கண்ணெதிரே வழிந்து இறங்கும்போது சமாதானம் சொல்வது எளிதல்ல. ஆகவே நான் இதை இரண்டு நாள் வேலையாகவே வைத்துக்கொள்கிறேன்.

தேவையானவை

12 கப்கேக்குகளுக்கு மைதா 160 கிராம், சர்க்கரை 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், முட்டை 2, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, வெனிலா எசென்ஸ் ஒரு தேக்கரண்டி வேண்டும். மேல் பூச்சுக்கு உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், ஐசிங் சர்க்கரை 300 கிராம், பால் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி போதும். கோப்பையால் அளப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. குழந்தைகள் மாவைக் கோப்பையில் அழுத்தி நிரப்பினால் அளவு கணிசமாகக் கூடிவிடும். சிறிய மின்னணுத் தராசு ஒன்று இருந்தால் அந்தச் சிக்கல் இல்லை, எண்களை வாசித்துச் சொல்லும் பொறுப்பும் ஒரு குழந்தைக்குக் கிடைத்துவிடும்.

முதல் நாள்: கலக்குவதும் சுடுவதும்

வெண்ணெய், முட்டை, பால் மூன்றையும் ஒரு மணி நேரம் முன்பே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிடுங்கள். ஓவனை 175 டிகிரியில் சூடாக்கி, மஃபின் தட்டில் காகிதக் கப்புகளை அடுக்கச் சொல்லுங்கள். தொடங்கும் முன்பே ஒரு விதியைச் சொல்லிவிடுவது நல்லது: வேகாத மாவுக்கலவையை யாரும் நக்கக்கூடாது. பச்சை முட்டையில் மட்டுமல்ல, பச்சை மாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

வெண்ணெயையும் சர்க்கரையையும் பீட்டரால் மூன்று நான்கு நிமிடம், நிறம் வெளுத்துப் பொங்கி வரும்வரை அடியுங்கள். குழந்தைகளின் உற்சாகத்தையெல்லாம் இந்தக் கட்டத்திலேயே செலவழிக்கவிடுங்கள், ஏனென்றால் சற்றுக் கூடுதலாக அடித்தாலும் கெட்டுப்போகாத கட்டம் இது ஒன்றுதான். பிறகு முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து அடித்து, வெனிலாவை ஊற்றுங்கள். கலவை திரிந்தாற்போலத் தெரிந்தால் ஒரு கரண்டி மாவு சேர்த்தால் சேர்ந்துகொள்ளும்.

மைதாவுடன் பேக்கிங் பவுடரையும் உப்பையும் சேர்த்துச் சலித்து, பாலோடு மாற்றி மாற்றிச் சேர்க்க வேண்டும். மாவு உள்ளே போனதும் பீட்டரை அணைத்து எடுத்து வைத்துவிட்டு, ஸ்பாட்டுலாவை மட்டும் குழந்தையின் கையில் கொடுங்கள். ஈரம் பட்ட மைதாவைக் கலக்கக் கலக்க அதிலுள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி, கேக் ரப்பராகி, உள்ளே நீளமான துளைகள் விழும். உலர்ந்த மாவு கண்ணில் படாத நொடியில் நிறுத்திவிடுங்கள். சிறு கட்டிகள் ஓரிரண்டு இருந்தால் பாதகமில்லை.

கப்புகளை மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள். ஐஸ்க்ரீம் கரண்டியால் எடுத்துப் போட்டால் எல்லாம் ஒரே அளவில் அமையும், சிந்துவதும் குறையும். 18 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். முதல் 15 நிமிடம் வரை கதவைத் திறக்காதீர்கள். காற்றாடி வைத்த ஓவனாக இருந்தால் வெப்பத்தை 160 டிகிரியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குத்திய பல்குச்சி மாவு ஒட்டாமல் வந்தால் வெளியே எடுக்கலாம். இந்த வேலை பெரியவர்களுடையது.

எடுத்த ஐந்து நிமிடத்தில் கேக்குகளைத் தட்டிலிருந்து கம்பித் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும். சூடான தட்டிலேயே விட்டால் ஆவி அடியில் தங்கி நீராகி, காகிதம் தானாகக் கழன்று வரத் தொடங்கும். முழுவதும் ஆறிய பிறகுதான் காற்றுப் புகாத டப்பாவில் மூடலாம்; வெதுவெதுப்பாக இருக்கும்போதே மூடினால் மறுநாள் மேல்புறம் பிசுபிசுக்கும். குளிர்பெட்டியில் வைக்காதீர்கள், கேக் இறுகிவிடும். அறை வெப்பத்திலேயே இரவு முழுவதும் நன்றாக இருக்கும்.

இரண்டாம் நாள்: க்ரீம்

பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். விரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு இளகிய, ஆனால் பளபளத்து உருகாத வெண்ணெயை, சர்க்கரை சேர்க்காமல் தனியாக நான்கைந்து நிமிடம் அடியுங்கள். வெண்ணெயின் மஞ்சள் நிறம் இதில்தான் வெளுக்கிறது. வெளுக்காவிட்டால் பிறகு நீலம் சேர்க்கும்போது பச்சையாகத்தான் வரும். அடுத்து, சலித்த ஐசிங் சர்க்கரையை மூன்று தவணையாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் பாத்திரத்தை மூடி, பீட்டரை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். துணி இல்லையென்றால் சமையலறை முழுவதும் வெள்ளைப் புழுதி படியும்.

கரண்டியை அமிழ்த்தித் தூக்கினால் க்ரீம் கூம்பாக நின்று, நுனி மட்டும் லேசாக வளைய வேண்டும். கூம்பே நிற்கவில்லை என்றால் எல்லோரும் இன்னும் சர்க்கரையைக் கொட்டுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. பெரும்பாலும் குறை சர்க்கரையில் இல்லை, வெண்ணெய் சூடேறிவிட்டது என்பதே காரணம். பாத்திரத்தோடு பத்துப் பதினைந்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்து மறுபடி அடித்தால் இறுகிவிடும், இனிப்பும் திகட்டாது. கூடுதலாக இறுகியிருந்தால் பாலை ஒவ்வொரு தேக்கரண்டியாக மட்டும் சேருங்கள்.

நிறத்துக்கு ஜெல் கலர்தான் சிறந்தது, நீர்மமான நிறங்கள் க்ரீமை இளக்கிவிடும். பல்குச்சி நுனியில் எடுத்துத் தொட்டுக் கலந்தால் போதும். சிவப்பு மட்டும் தனிக்கதை: கண்ணுக்குச் சிவக்கும்வரை சேர்த்துக்கொண்டே போனால் கசக்கும். அடர்ந்த ரோஜா நிறம் வந்ததும் நிறுத்தி, மூடி ஓரிரு மணி நேரம் விட்டால் தானாக அழுத்தமாகும். குழந்தைகளுக்கு வெள்ளையோடு இரண்டு நிறங்கள் போதும். ஐந்தாறு கொடுத்தால் அனைத்தும் கலந்து கடைசியில் பழுப்புதான் மிஞ்சும்.

அலங்காரம்

க்ரீமைப் பிழிந்து அலங்கரிக்கும் பைப்பிங் பையின் வாயை உயரமான ஒரு தம்ளரின் மேல் மடித்து விட்டு, பாதிக்கும் குறைவாக நிரப்புங்கள். மேலே முறுக்கி ரப்பர் பேண்ட் போடாவிட்டால், குழந்தை பையின் நடுவில் அழுத்தும்போது க்ரீம் பின்புறமாக வெளியேறிக் கையெல்லாம் அப்பிவிடும். பழகிய கை முறுக்கின் அருகே அழுத்த வேண்டும், மற்றக் கை நுனியைத் தாங்க வேண்டும். முதலில் ஒரு தட்டில் சில சுழிகள் பிழிந்து பழகட்டும், அதை வழித்துப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பையின் நுனியில் நட்சத்திர வடிவ வாயுள்ள நாசிலைப் பொருத்தி, பச்சை க்ரீமைப் போட்டு, பெரிதிலிருந்து சிறிதாக மூன்று வளையங்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் பிழிந்தால் கிறிஸ்துமஸ் மரம் தயார்.

பை பிடிக்க வராத சிறு குழந்தைகளிடம் கரண்டியைக் கொடுத்துப் பூசச் சொல்லி, கேக்கின் ஓரத்தை ஸ்பிரிங்கிள்ஸ் எனும் வண்ணச் சர்க்கரைத் துகள்கள் பரப்பிய தட்டில் உருட்டச் சொல்லுங்கள். பூசிய உடனேயே இதைச் செய்ய வேண்டும், க்ரீமின் மேல்பரப்பு காய்ந்துவிட்டால் எதுவும் ஒட்டாது. ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் அளந்து கொடுத்தால் சண்டைக்கு இடமில்லை. நான்கு வயதுக்கு உட்பட்டவர்கள் இருந்தால் கடினமான வெள்ளி உருண்டைகளையும் முழுக் கொட்டைகளையும் தவிர்த்துவிடுங்கள், தொண்டையில் சிக்கும் ஆபத்து உண்டு.

பிற்சேர்க்கை

செய்து பார்த்தவர்கள் சிலர், பாதி வேலையிலேயே பைக்குள் க்ரீம் இளகிவிடுகிறது என்றார்கள். குழந்தைகளின் கைச்சூடுதான் காரணம். இரண்டு பைகள் நிரப்பி, ஒன்று கையில் இருக்கும்போது மற்றொன்றைக் குளிர்பெட்டியில் வைத்து மாற்றி மாற்றிக் கொடுங்கள். முட்டை வேண்டாம் என்பவர்கள் ஒவ்வொரு முட்டைக்கும் பதிலாக 60 கிராம் கெட்டித் தயிரும், மொத்தக் கலவைக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் சேர்த்து, பாலைச் சிறிது குறைத்துக்கொள்ளலாம். கேக் சற்று அடர்த்தியாக இருக்கும். வெயில் மிகுந்த நாளில் அலங்கரித்த கேக்குகளைக் குளிர்பெட்டியில் வைக்கத்தான் வேண்டும், அப்போது பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்துவிட்டால் கேக்கும் க்ரீமும் மறுபடி மென்மையாகிவிடும்.