ஜேர்மனியில் அகதி அந்தஸ்து கிடைத்தபின் கணவனை, மனைவியை அழைப்பது எப்படி

அகதி அந்தஸ்து கடிதம் மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் அதன் மேல் எழுதும் திகதியிலிருந்தே மூன்று மாதத்தை எண்ணத் தொடங்குங்கள், உறையை வீசிவிடாதீர்கள். அந்தக் கெடுவுக்குள் குடும்ப இணைவு கேட்டுவிட்டால், வருமானமோ வீட்டின் அளவோ தடையாகாது. ஜொப்சென்டர் தரும் அரச உதவிப் பணத்தில் இருப்பவரும் அழைக்கலாம்.

விவாகச் சான்றிதழ், மொழிபெயர்ப்பு எல்லாம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்துதான் பலர் கெடுவைக் கோட்டைவிடுகிறார்கள். காத்திருக்கவே வேண்டாம். கெடுவைக் காப்பதற்கான அறிவித்தல் படிவம் ஜேர்மன் வெளிவிவகார அமைச்சின் இணையத்தளத்தில் இருக்கிறது. நிரப்பி அனுப்பி, அச்சிட்ட பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டவர் அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்தாலும் செல்லும். திகதி முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். விசா விண்ணப்பத்தைத் துணைவர் பிறகு தூதரகத்தில் கொடுக்கலாம். இலங்கையில் இருப்பவருக்குக் கொழும்புத் தூதரகம். கெடு தவறினாலும் கதவு மூடிவிடாது, ஆனால் வருமானம், வீடு இரண்டையும் தள்ளுபடி செய்வது அதிகாரியின் விருப்பம். அகதி அந்தஸ்துக்குப் பதிலாக, அதற்கு அடுத்த நிலையான துணைப் பாதுகாப்பு மட்டும் பெற்றவர்களுக்கு இவை பொருந்தா: அவர்களின் குடும்ப இணைவு, கடும் இக்கட்டான நிலை தவிர, 2025 ஜூலை 24 முதல் 2027 ஜூலை 23 வரை நிறுத்தப்பட்டுள்ளது.

கோப்பு பெரும்பாலும் சிக்குவது பெயரிலும் திகதியிலும். அகதி விசாரணையில் சொன்ன கல்யாணத் திகதி சான்றிதழோடு ஒத்துவர வேண்டும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முதலெழுத்தாகவும் இன்னோரிடத்தில் முழுப்பெயராகவும் இருந்தால், விளக்கக் கடிதத்தை முதலிலேயே இணையுங்கள். ஜேர்மனிக்கு வருமுன்பே நடந்த கல்யாணம் என்றால் ஏ1 எனப்படும் ஆரம்பநிலை ஜேர்மன் மொழிச் சான்றிதழ் தேவையில்லை. பிறகு கட்டியவர்களுக்கு வழமையாகத் தேவை.

வந்திறங்கியதும், வீட்டுக்குப் போன இரண்டு வாரத்துக்குள் நகரசபையில் முகவரிப் பதிவு. விசா முடியுமுன் வதிவிட அனுமதி கேட்க வேண்டும். அதோடு வேலை செய்யலாம்; மொழி வகுப்புக்குக் கட்டாயப்படுத்தவும் கூடும். ஆறு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே நின்றால், முன்கூட்டியே நீட்டிப்பு வாங்காதபட்சத்தில், அனுமதி போய்விடும்.

ஊரிலேயே கல்யாணம் கட்டியிருந்தால், வந்தவர் தன் துணைவரின் அந்தஸ்தை வைத்துக் குடும்ப அகதி அந்தஸ்தும் கேட்கலாம். வந்து இரண்டு வாரத்துக்குள் கேட்பது பாதுகாப்பு. அதை யோசித்துச் செய்யுங்கள். அது கிடைத்தவர் இலங்கைக் கடவுச்சீட்டோடு ஊருக்குப் போய்வர முடியாது. எடுக்காதவர் தன் கடவுச்சீட்டைப் புதுப்பித்தே வைத்திருக்க வேண்டும், அவருடைய அனுமதியும் கல்யாணத்தோடு கட்டுண்டது.

அப்படிக் கட்டுண்டவருக்கு, ஜேர்மனியில் மூன்று வருடம் சேர்ந்து வாழ்ந்தபின் பிரிந்தாலும் சொந்தமாக வதியும் உரிமை உண்டு. வீட்டில் அடி, மிரட்டல் என்றால் மூன்று வருடம் முடியும்வரை காத்திராமல், அந்த நிபந்தனையிலிருந்து விலக்குக் கேட்கலாம். “போனால் உன்னை நாடு கடத்திவிடுவார்கள்” என்ற பயமுறுத்தலை நம்பி யாரும் அந்த வீட்டில் கிடக்க வேண்டாம். மருத்துவ அறிக்கை, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி இரண்டையும் எடுத்து வையுங்கள். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான உதவித் தொலைபேசி 116 016 இரவு பகல் பாராமல் இயங்குகிறது, அழைப்பு இலவசம்.