கரண்ட் இருக்கும்போது பார்த்த ருசி கணக்கில் வராது

2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் சென்னைக் கரையை ஒட்டி நகர்ந்தபோது எங்கள் அலமாரியில் எட்டு உப்புமா கப் இருந்தன. ஐப்பசியிலேயே வாங்கி, ஒன்றைப் பிரித்து, கெட்டிலில் வெந்நீர் வைத்து ஊற்றி, ஆளுக்கு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ‘பரவாயில்லையே’ என்று தலையாட்டியிருந்தோம். புயலன்று காலையிலேயே கரண்ட் போய்விட்டது. கெட்டில் வேலை செய்யாது, அடுப்பும் இண்டக்‌ஷன். பச்சைத் தண்ணீரை ஊற்றி முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். ரவை ஊறியது. பட்டாணி கூழாங்கல் மாதிரி பல்லில் உருண்டது. மேலே கொழுப்பு வெள்ளைத் திட்டாக மிதந்தது.

அவசரகால உணவை ருசி பார்ப்பதில் பெரும்பாலானோர் செய்யும் தவறு இதுதான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பாக்கெட்டில் இரண்டு ஜாதி உண்டு என்பது எனக்கே தாமதமாகத்தான் புரிந்தது. கப்பில் வருவது உலர்த்தியது, அதற்கு வெந்நீர் வேண்டும். தடித்த பையில் வரும் சாம்பார் சாதம், பொங்கல் போன்றவை பைக்குள் அடைத்த பிறகு அழுத்தத்தில் சுமார் 121 டிகிரியில் வேகவைக்கப்பட்டவை. மைசூரில் உள்ள ராணுவ உணவு ஆய்வுக்கூடமான டி.எஃப்.ஆர்.எல். இந்த வகையில் நிறைய வேலை செய்திருக்கிறது. இவற்றைச் சுடவைக்காமலே சாப்பிடலாம். ஆனால் ஆறிய பொங்கல் கட்டியாக இறுகியிருக்கும். அதை அப்படியே சாப்பிட முடிகிறதா என்பதுதான் சோதனை. மேலே நெய் விட்டு, ஊறுகாய் தொட்டுக்கொண்டு சாப்பிட்டால் நெய்க்குத்தான் மார்க் போடுகிறோம்.

தண்ணீரையும் அளந்து பாருங்கள். குழாயில் தண்ணீர் வராத நாளில் கேனில் இருப்பதுதான் கணக்கு. கப்புக்கு ஒரு டம்ளர் போனது போக, உப்புக் கரிக்கும் உணவு இன்னும் இரண்டு டம்ளர் குடிக்க வைக்கும். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது. பாக்கெட்டின் பின்னால் சோடியம் எவ்வளவு என்று படித்துவிட்டு, சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் தாகம் எப்படி என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் உயிர்காப்புப் படகுகளில் வைக்கும் பிஸ்கட் சப்பென்று இருப்பது சும்மா இல்லை, தாகம் எடுக்கக் கூடாது என்றுதான்.

அப்புறம், ஒரு வாய் போதாது. ஒரு வேளை முழுக்கச் சாப்பிட வேண்டும், வீட்டில் எல்லோரும். பிரஷர் மாத்திரை போடும் அப்பா, காரம் என்றால் தட்டைத் தள்ளும் பிள்ளை, இவர்கள் சொல்வதுதான் தீர்ப்பு. மறுநாள் காலை வயிறு என்ன சொல்கிறது என்பதும் முக்கியம். சிரிக்காதீர்கள்: தெருவில் வெள்ளம் நின்றால் கழிவறைத் தண்ணீர் உள்ளே போகாது, மேலே வரும். அந்த நேரத்தில் புதிதாக ஒரு ராஜ்மா மசாலாவை அறிமுகப்படுத்தாதீர்கள்.

பழைய பாக்கெட் கெட்டுவிட்டதா என்று நாக்கில் வைத்துப் பார்க்கவே கூடாது. பை உப்பியிருந்தாலோ, ஓரம் கசிந்தாலோ நேராகக் குப்பைக்கு. சில நஞ்சுகளுக்கு வாசனையும் கிடையாது, ருசியும் கிடையாது. பிரித்த பாக்கெட்டில் மிச்சம் வைக்காதீர்கள், ஃபிரிட்ஜ் ஓடாது. நால்வர் வீட்டுக்குப் பெரிய பையை விட ஒருவர் சாப்பிடும் அளவுப் பைகள் மேல்.

போட்டிக்கு எங்கள் வீட்டில் அவலையும் வைத்தோம். மெல்லிய அவல் பச்சைத் தண்ணீரில் ஐந்து நிமிடத்தில் ஊறிவிட்டது, கூட வெல்லம். ஒடிசாவில் புயல் நிவாரணத்துக்கு அவலும் வெல்லமும் கொடுப்பது வழக்கம், காரணம் சாப்பிட்டதும் விளங்கியது. விலையும் பாக்கெட்டை விட ரொம்பக் குறைவு. அம்மா மட்டும் “இதுக்கா இவ்வளவு ஆராய்ச்சி?” என்றார்.

சோதனையின் கடைசிப் பகுதி, டார்ச் வெளிச்சத்தில் ஈரக் கையோடு பையைப் பிரிப்பது. கிழிப்பதற்கான வெட்டு பிடிபடவில்லை, பல்லால் கடித்தோம், சாம்பார் சட்டையில். இப்போது இரண்டு கிலோ அவல், நான்கு சாம்பார் சாதம் இருக்கும் டப்பாவின் கைப்பிடியில் ஒரு கத்தரிக்கோலைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம்.